வருடத்தில் எத்தனை நாள் வனைகிறீர்கள்?

வாசகர் கேள்வி, 2025 மார்ச் 4

பீங்கான் கலைஞர்கள் என்று அறியப்படுகிறவர்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நவம்பரில் ஒரு நகரத்தில் கண்காட்சி, ஜனவரியில் வேறொரு நகரத்தில் பயிலரங்கு, அது முடிந்ததும் யாரோ ஒருவருடன் கூட்டுப்பணி என்று ஓயாமல் அலைகிறார்கள். இவர்கள் எப்போது வனைகிறார்கள்? வனைகிற கை வேறு யாருடையதோ, பெயர் மட்டும் இவர்களுடையதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

மார்ச் 4, இரவு 10.40

நாள்தோறும் வனைகிறேன். கேட்பதற்கு முன் ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைந்து பார்த்திருந்தால் இந்த ஐயம் எழுந்திருக்காது.

மார்ச் 5

நேற்றிரவு எழுதியது கோபத்தில் எழுதியது; உண்மையும் அல்ல. இன்று காலை 2024ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். சக்கரத்தின் முன் உட்கார்ந்த நாட்கள் 74. கண்காட்சி தொடர்பாகச் செலவான நாட்கள் 47. சூளையை அடுக்குவது, எரிப்பது, ஆறவிட்டுப் பிரிப்பது ஆகியவற்றுக்கு 41. பயிலரங்குகளுக்கு 22. மீதி நாட்கள் மண் குழைப்பதிலும், கலத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு தரும் பூச்சான கிளேஸை அரைத்துச் சலிப்பதிலும், சவுக்கு விறகுக்கு விலை பேசுவதிலும், சும்மா இருப்பதிலும் போயிருக்கின்றன.

74 என்ற எண் எனக்கே உறைத்தது. ஆனால் அந்த எண்ணை வைத்து மட்டும் எங்கள் வேலையை அளக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குவளையைச் சக்கரத்தில் எழுப்ப மூன்று நிமிடம் போதும். அது பாதி உலர்ந்து தோல் போல விறைக்கும் பதத்தைப் பிடித்து, கவிழ்த்து அடியைச் சீவி, கைப்பிடி ஒட்டி, முழுக்கக் காயவைத்து, ஏறத்தாழ 950 டிகிரியில் முதல் சூடு வைத்து, கிளேஸில் முக்கி, 1,280 டிகிரியில் மறுபடி சுட்டு எடுப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரத்தில் நான் செய்வதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். காத்திருப்பதை நாட்குறிப்பில் எப்படி எழுதுவது?

மார்ச் 5, மாலை

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புதுச்சேரிப் பகுதிக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. நாட்டின் பெருநகரங்களில் கண்காட்சிக் காலமோ நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிகிறது. பானை காயாத மாதங்களில்தான் பானையைக் கேட்கிறார்கள். ஆகவே செப்டம்பருக்குள் எல்லாவற்றையும் வனைந்து முடித்தாக வேண்டும்.

ஓர் ஆண்டு அது முடியாமல், அக்டோபரில் வனைந்த கிண்ணங்களை மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் வைத்துவிட்டு, தொட்டால் காய்ந்ததுபோல் இருந்ததால் சூளையில் ஏற்றினேன். சூடு நூறு டிகிரியைக் கடந்ததும் உள்ளே பட், பட் என்று தீபாவளி தொடங்கிவிட்டது. களிமண்ணுக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடித்த சத்தம் அது. 14 கிண்ணங்கள் போயின. அவற்றின் சில்லுகள் குத்தி அருகில் இருந்த இரண்டு சாடிகளும் போயின. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் அது காயவில்லை என்று பொருள். இதை முதல் ஆண்டு மாணவருக்கே சொல்லிக்கொடுக்கிற நான், கண்காட்சித் தேதி நெருங்கிய அவசரத்தில் கன்னத்தை மறந்துவிட்டேன்.

மார்ச் 9

கணக்கில் பிழை. பயிலரங்குகளுக்கு 22 நாட்கள் என்று எழுதியது வகுப்பு நடந்த நாட்களை மட்டும் எண்ணியதால் வந்தது. நான் நடத்துவது இரண்டு நாள் பயிலரங்கு. 2024இல் அப்படிப் பதினொன்று நடத்தியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பன்னிரண்டு பேருக்கு மண் பிசைந்து உருட்டி வைக்க ஒரு நாள் ஆகிறது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை கையைக் கழுவிக்கொண்டு ஊருக்குப் போன பிறகு, விட்டுச் சென்ற உருக்களை நாள்தோறும் திருப்பி வைத்து உலர்த்துவது, அடி சீவுவது, சுடுவது, கிளேஸ் பூசுவது, மறுபடி சுடுவது, பெயர் பார்த்துப் பொதி கட்டி அனுப்புவது என்று ஆறு நாட்கள் போகின்றன. ஆக ஒரு பயிலரங்குக்கு ஒன்பது நாள். பதினொன்றுக்கு 99 நாள்.

அதைவிட மோசமான பிழை இன்னொன்று. சக்கரத்தின் முன் உட்கார்ந்ததாக நான் எண்ணிய 74 நாட்களில் 19 நாட்கள் பயிலரங்கில் செய்து காட்டியவை. செய்து காட்டிய பானையை நடுவில் கம்பியால் அறுத்து, சுவர் எவ்வளவு கனம் என்று மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, மண்ணைத் தொட்டியில் போட்டுவிடுவேன். எதுவும் மிஞ்சாத அந்த நாட்களைக் கழித்தால் 55.

கேள்வி கேட்டவர் இதைப் படித்து மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, சற்றுப் பின்னர்

சொல் பற்றி ஒரு குறிப்பு. பட்டறை என்றால் தமிழில் வேலை நடக்கிற இடம். இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்புக்கும் பட்டறை என்றே பெயர் வைக்கிறார்கள். "உங்கள் பட்டறை எப்போது?" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார். "இருபது வருடமாக இருக்கிறது" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.

மார்ச் 16

பயிலரங்கை நான் குறைசொல்வதுபோல் ஒலித்தால் திருத்திக்கொள்கிறேன். நான் கற்றதே அந்த வழியில்தான். 1971இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்கலப் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா அதற்கு முன் ஜப்பானின் பிசென் ஊரில் மட்கலம் பயின்றவர். கோல்டன் பிரிட்ஜில் கற்ற ஒருவரிடம் நான் கற்றேன். இன்று இந்தியாவில் உயர்சூட்டு மட்கலம் செய்கிறவர்களில் பலருடைய குருவழியைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

கலைஞர் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டுவதும் புதிய வழக்கமல்ல. 1952, 53ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜி, ஜப்பானியக் கைவினைச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சு மூவரும் அமெரிக்கா முழுவதும் சுற்றினார்கள். லீச் பேசுவார், ஹமாடா பெரும்பாலும் பேசாமல் வனைவார். அந்த நாட்களில் ஹமாடா தம் நாட்குறிப்பில் என்ன எண்ணிக்கை எழுதினார் என்று அறிய எனக்கு ஆசை.

கூடவே ஒரு முறைப்பாடு: என் பட்டறையின் கடைசி அலமாரியில், பயிலரங்குக்கு வந்தவர்கள் கேட்டு வாங்காமல் விட்டுப்போன 63 கிண்ணங்கள் இருக்கின்றன. அனுப்பும் செலவைக் கொடுக்க மனமில்லாதவர்களும், தாங்கள் செய்தது என்று நம்ப மறுத்தவர்களும் விட்டவை. ஒன்றை நாய்க்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டேன். உரியவர் பொறுத்தருள்க.

மார்ச் 23

கண்காட்சிக்கு 47 நாட்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவில் தேநீர்க் கோப்பையோடு நிற்பது அதில் ஒரு மாலை மட்டுமே. அறுபது பொருட்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் அடியையும் வைரக்கல்லால் தேய்த்து மழமழப்பாக்கி, உயரமும் எடையும் அளந்து, படம் எடுத்து, விலை குறித்து, வைக்கோலும் காற்றுக்குமிழித் தாளும் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, இரவு லாரியில் ஏற்றிவிட்டு, அதற்கு முன்பாக நாம் ரயிலில் போய்ச் சேர வேண்டும். விற்றால் காட்சிக்கூடம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எனக்கு வாய்த்தவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்தவை. வாடகை, விளக்கு, வாடிக்கையாளர் என எல்லாம் அவர்களுடையது என்பதால் பங்கைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. என் பங்கை ஏழு மாதம் கழித்து அனுப்பிய ஒரு கூடத்தின் மீது வருத்தம் உண்டு. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பணக்கதை பின்னால் இன்னோரிடத்தில் வரும்.

குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு ஒரு நாழிகை என்று பழமொழி சொல்வார்கள். தடிகாரர் இப்போது தடி எடுத்து வருவதில்லை, 'உடையும் பொருள்' என்ற சிவப்பு எழுத்தின் மீது முழங்காலை ஊன்றிப் பெட்டியைக் கட்டுகிறார்.

2018இல் ஜெய்ப்பூர் ஜவகர் கலா கேந்திரத்தில் நடந்த முதல் இந்தியப் பீங்கான் மூவாண்டுக் கண்காட்சியைப் பார்வையாளராகப் போய்ப் பார்த்தேன். கலைஞர்களே கூடி ஒருங்கிணைத்த கண்காட்சி அது. மேசை மேல் வைக்கும் சாடியையும் கிண்ணத்தையுமே மண் என்று நினைத்திருந்த எனக்கு, கூடம் முழுவதையும் மண்ணால் நிறைக்கலாம் என்பது அங்கேதான் புரிந்தது. கீழே நான் சொல்லப்போகும் குதிரை விவகாரத்துக்கு விதை விழுந்ததும் அங்கே.

மார்ச் 30

கூட்டுப்பணி என்பது விளம்பரச் சொல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் அது பல நேரம் வேறு வழியில்லாத ஏற்பாடு. விறகுச் சூளை ஒன்றை நான்கு நாள் எரிக்க வேண்டுமென்றால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரவும் பகலும் விறகு தள்ள வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. கொரியாவிலிருந்து வந்த ஒருவரோடு இரவு முறை பார்த்தேன். இருவருக்கும் பொதுமொழி இல்லை. சூளையின் துளையிலிருந்து வரும் தழலின் நீளத்தைக் கையால் அளந்து காட்டிப் பேசிக்கொண்டோம். உள்ளே, சூட்டை அறிய வைக்கும் கோன் என்ற சிறு கூம்பு வளைந்த தருணத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விரலை வளைத்துக் காட்டினோம்.

ரே மீக்கர் வீட்டையே சூளையாக்கினார். சுடாத பச்சைச் செங்கல்லால் வளைகூரை வீடு கட்டி, அதற்குள் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டோடு சேர்த்து எரித்துவிடுவது அவர் முறை. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சியிலிருந்து கிளைத்தது. உள்ளே வெந்த சரக்கை விற்றால் விறகுச் செலவில் ஒரு பகுதி திரும்பும் என்பது கணக்கு. குயவரும் கொத்தரும் விறகு தள்ளுபவரும் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஏப்ரல் 6

குதிரை.

புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த வேளார் பெரியவர் ஒருவரை 2023இல் என் பட்டறைக்கு அழைத்து வந்தேன். அய்யனாருக்குப் புரவி செய்கிற குடும்பம். கோயில் பூசையும் அவர்களுடையது. கண்காட்சிக்கு ஐந்து குதிரைகள் சேர்ந்து செய்வோம் என்று சொன்னபோது அவர் சிரித்தார்.

"குதிரை செய்யலாம்மா. பிடிமண்ணு யாரு குடுப்பா?"

புரவி எடுப்புக்கு ஊர் கூடி முடிவு செய்ததும், ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அதை வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கும். நான் உயர்சூட்டில் சுடுகிற என் ஸ்டோன்வேர் மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலால் நசுக்கி, மோந்து பார்த்து, "இது கடை மண்ணுல்ல?" என்றார். உண்மைதான். அது சீனக்களியும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் மூட்டை மூட்டையாக வாங்கிக் கலந்த மண்.

ஆகவே அவருடைய மண்ணும் லாரியில் வந்தது. ஏரி மண், மணல், உமி. நான்கு கால்களை உருளைகளாக எழுப்பி, அதன்மேல் வயிற்றைத் திரித்திரியாக மண் வைத்து, உள்ளே ஒரு கையில் கல்லும் வெளியே ஒரு கையில் பலகையுமாகத் தட்டித் தட்டி உயர்த்தினார். சக்கரத்தையே தொடவில்லை. காலையில் ஒரு முழம் ஏற்றிவிட்டு, அது இறுகும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காத்திருப்பதை எப்படி எழுதுவது என்று மேலே கேட்டேன் அல்லவா. அவர் அதை வேலையிலிருந்து பிரித்துப் பார்த்ததே இல்லை.

தவறு என்னுடையது. முதல் குதிரையின் தலையை என் சூளையில் 1,280 டிகிரியில் வைத்தால் கல்லாக இறுகும், காலத்துக்கும் நிற்கும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். ஏரி மண்ணில் இரும்பு மிகுதி. அந்தச் சூட்டுக்கு வெகுமுன்பே அது உப்பி, இளகி, ஓடத் தொடங்கும். இது எனக்குத் தெரியாததும் அல்ல. சூளையைப் பிரித்தபோது, தலை இருந்த தட்டில் கருப்பட்டிப் பாகு உறைந்ததுபோல் ஒரு கட்டி, அதன் ஓரத்தில் ஒரு காது. அவர் அந்தக் காதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காது கேக்குது" என்றார்.

பிறகு அவர் வழியிலேயே போனோம். உடல்களை வைக்கோலும் வறட்டியும் மூடி எண்ணூறு டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் வேகவைத்தோம். கழுத்து மணிகளும் சேண அணிகளும் மட்டும் என் மண்ணில், என் சூளையில். சுடுமண் மணியைத் தட்டினால் மொத்தென்று கேட்கும். கண்ணாடி போல இறுகிய ஸ்டோன்வேர் மணிதான் ஒலிக்கும். என் மண் வனைந்த அளவிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும் என்பதால், 100 மில்லிமீட்டர் வளையம் 88 ஆகும் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டுத்தான் கழுத்துக்குப் பொருத்தினேன். அப்படியும் ஒரு குதிரைக்கு இறுக்கமாகிவிட்டது.

ஏப்ரல் 7

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல.

2024 பிப்ரவரியில் கண்காட்சி. பெரியவரைத் திறப்பு நாளுக்கு அழைத்திருந்தேன். வெள்ளை வேட்டியும் துண்டுமாக வந்து, ஐந்து குதிரைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அட்டையின் முன் நின்றார். ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

"ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன். என் பெயர். ஆண்டு. ஸ்டோன்வேர், சுடுமண். உயரம். விலை.

அவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துவிட்டு, "மண்ணு பேருகூடப் போட்டிருக்காங்க" என்றார்.

குற்றம்சாட்டும் குரலே இல்லை. அன்று இரவே கூடத்தாரிடம் சொல்லி அட்டையை மாற்றினேன். ஆனால் அழைப்பிதழும் நாளிதழ்ச் செய்தியும் போனது போனதுதான்.

ஏப்ரல் 13

யனாகி "பெயரறியாக் கைவினைஞன்" என்ற கருத்தை முன்வைத்தவர். பெயர் தேடாத கையில்தான் அழகு தானாக விளைகிறது என்பது அவர் கட்சி. நான் நெடுங்காலம் அதில் மயங்கியிருந்தேன். இப்போது தோன்றுவது வேறு. புதுக்கோட்டைக் காட்டில் நிற்கிற புரவியில் பெயர் இல்லைதான், ஆனால் அதைச் செய்தவர் யார், அவர் தகப்பனார் யார், எந்த வருடத்துப் புரவி என்று அந்த ஊரில் ஆடு மேய்க்கிற சிறுவனுக்கும் தெரியும். பெயர் தெரியாதது வெளியிலிருந்து போன நமக்குத்தான்.

ஹமாடா ஜப்பானின் மஷிகோ ஊரில் தங்கிய பிறகு தம் கலங்களில் முத்திரை இடுவதை விட்டார். இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸ் ஊரில் லீச்சின் பட்டறையில் இரண்டு முத்திரைகள் இருந்தன: பலர் சேர்ந்து செய்த அன்றாடக் கலங்களுக்குப் பட்டறை முத்திரை மட்டும், லீச் தாமே செய்தவற்றுக்கு அவர் பெயரெழுத்து முத்திரையும். அமெரிக்காவின் நியூமெக்சிகோவில், சான் இல்டஃபோன்சோ ஊரில் மரியா மார்ட்டினெஸ் வனைந்த கருங்கலங்களில் கணவர் ஜூலியன் ஓவியம் தீட்டினார். கையெழுத்திடத் தொடங்கியபோது மரியாவின் பெயர் மட்டும் இருந்தது, பிறகு இருவர் பெயரும் சேர்ந்தது. தன் பெயர் இருந்தால் விலை கூடும் என்பதால் ஊர்க்காரர்களின் பானைகளிலும் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெயரையும் ஒரு பொதுக்கிணறாக ஆக்கிவிட்டார். பிக்காசோவோ பிரான்சின் வல்லோரிஸ் ஊரின் மதுரா பட்டறையில் செய்தவற்றில் பலவும் ஜூல் அகார் என்பவர் சக்கரத்தில் எழுப்பியவை. பிக்காசோ அவற்றை ஈரத்திலேயே வளைத்துப் பறவையாக்கினார், பெண்ணாக்கினார். அகார் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

ஏப்ரல் 20

அகாரைப் பற்றி எழுதிவிட்டு ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

2024 ஜூலையில் ஓர் உணவகத்துக்கு 300 குவளைகள் செய்து கொடுத்தேன். அவற்றை எழுப்பியவர் வில்லியனூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர். குயவர் குடும்பம், என்னிடம் நாள் கூலிக்கு வருகிறார். சுடுமண் வேலைக்குப் பேர்போன பகுதி அது. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற வி. கே. முனுசாமியும் அவ்வூர்க்காரர்தான். இந்த இளைஞர் ஒரு நாளில் எழுப்புகிற அளவை நான் மூன்று நாளிலும் எழுப்ப முடியாது. கைப்பிடியும் கிளேஸும் என்னுடையவை, அடியில் இட்ட முத்திரையும் என்னுடையது. நாட்குறிப்பில் 11 நாட்களுக்குக் "குவளை 300" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அவற்றையும் என் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

55இல் 11 போனால் 44. கேள்வி கேட்டவரின் ஐயத்தில் பாதி சரி.

மே 18

வேளார் ஐயாவிடம் தொலைபேசியில் பேசினேன். அடுத்த முறை உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டேன். "பேரு கெடக்கட்டும்மா, போன தடவ கடைசிக் குதிரைக் காசு ஏழு மாசம் கழிச்சு வந்துச்சே, அத முன்னாடியே வாங்கிர முடியுமா?" என்றார். இத்தனை நாள் பெயரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு குட்டு. இந்த முறை அவர் பங்கை நானே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, கூடத்திடமிருந்து வரும்போது எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பெயரையும் போடுவேன், ஊரோடு சேர்த்து.

ஜூன் 1

மரத்தில் புதிதாக ஒரு முத்திரை செதுக்கி வாங்கியிருக்கிறேன், பட்டறையின் முத்திரை. இளைஞர் எழுப்புகிற குவளைகளுக்கு அதுவும், அதன் பக்கத்தில் அவர் தேர்ந்தெடுத்த ஒரு சிறு மீனும். மீன் ஏன் என்று கேட்டதற்குச் செதுக்க எளிது என்றார்.

நாட்குறிப்பில் இந்த ஆண்டு இரண்டாவது பத்தி ஒன்று பிரித்திருக்கிறேன். மே 31 வரை சக்கரத்தில் என் நாட்கள் 23, அவருடையவை 41.